‘லைக்லி’ என்றால் எத்தனை சதவீதம்?

நடந்து முடிந்ததைச் சொல்லும்போது ஆங்கில வினைச்சொல் உருமாறுகிறது. ‘ரெயின்’ என்பது ‘ரெயின்ட்’ ஆனால் மழை பெய்துவிட்டது என்று பொருள். நடக்கப்போவதைச் சொல்ல அந்த வினைக்குத் தனி உருவம் கிடையாது. ‘வில்’, ‘ஷல்’, ‘மே’, ‘மைட்’ போன்ற துணைவினைகளில் ஒன்றையோ, ‘கோயிங் டு’ என்ற தொடரையோ, நிகழ்கால வடிவத்தையோ பேசுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது காலத்தை மட்டும் காட்டி நின்றுவிடுவதில்லை. சொல்பவர் அந்தச் செய்தியை எவ்வளவு நம்புகிறார், எதை ஆதாரமாகக் கொண்டு நம்புகிறார் என்பதையும் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் முன்கணிப்பு என்பது நிகழ்வைப் பற்றிய செய்தியும் உறுதியைப் பற்றிய செய்தியும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவது.

இந்தக் காரணத்தால்தான் ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூல், ஆங்கிலத்துக்கு எதிர்காலம் என்ற காலவடிவமே இல்லை என்கிறது. எதிர்காலத்தைக் குறிப்பதாகப் பள்ளியில் கற்பிக்கப்படும் ‘வில்’, அந்நூலின் கணக்கில் ‘மே’, ‘மஸ்ட்’ ஆகியவற்றோடு சேரும் துணைவினை. அழைப்பு மணி ஒலித்ததும் ஓர் ஆங்கிலேயர் ‘தட் வில் பி தி போஸ்ட்மேன்’ என்று சொல்லலாம். வாசலில் இப்போது நிற்பவர் தபால்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அங்கே எதிர்காலம் எதுவும் இல்லை. ஊகம் மட்டுமே இருக்கிறது. தமிழிலும் இதற்கு இணையான நிலை உண்டு. ‘மழை வரும்’ என்பது நாளைய மழையையும் சொல்லும், ‘ஜூன் மாதத்தில் மழை வரும்’ என்று ஆண்டுதோறும் நடப்பதையும் சொல்லும். காலமும் நம்பிக்கையும் மொழிகளுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஓர் ஊரைக் களமாகக் கொண்டால் இது தெளிவாகும். பெங்களூருவின் ரிச்சர்ட்ஸ் டவுன் அதற்கு ஏற்ற இடம். 1809இல் ஆங்கிலேயர் அமைத்த கண்டோன்மென்ட்டுடன் சென்னை மாகாணப் படையினரும், அவர்களைச் சார்ந்து பிழைத்த தமிழ்க் குடும்பங்களும் இங்கே வந்து சேர்ந்தனர். 1898இல் பிளேக் நோய் தாக்கியபின், நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்புகள் திட்டமிட்டு உருவாக்கப்பட்டன. ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் ஆகியவற்றை அடுத்து அமைந்த ரிச்சர்ட்ஸ் டவுனும் அந்தக் கண்டோன்மென்ட் உலகத்தைச் சேர்ந்தது. 1947 வரை மைசூர் அரசின் கையில் இல்லாமல் ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகத்தில் இருந்த பகுதி இது. இன்றும் இங்கே தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் நான்கும் ஒரே தெருவில் கேட்கும். வீட்டில் தமிழ் பேசுபவரும் வானிலை எச்சரிக்கையை ஆங்கிலத்தில் வாசிக்கிறார். ஆங்கிலம் உறுதியை அளக்கும் விதம் இங்கே அன்றாடத் தேவையாகிறது.

வினைகளின் பிறப்பு

‘வில்’ என்ற துணைவினை பழைய ஆங்கிலத்தில் ‘வில்லன்’ என்ற வினையாக இருந்தது. அதற்கு விரும்புதல் என்று பொருள். ‘ஷல்’ என்பது ‘ஸ்குலன்’ என்ற வினையிலிருந்து வந்தது. அதற்குக் கடன்பட்டிருத்தல், கடமைப்பட்டிருத்தல் என்று பொருள். ஒருவர் விரும்புவது பெரும்பாலும் பின்னால் நடக்கும். ஒருவர் செய்யக் கடமைப்பட்டதும் பின்னால் நடக்கும். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல விருப்பமும் கடமையும் தேய்ந்து, பின்னால் நடக்கும் என்ற பகுதி மட்டும் தூக்கலாக நின்றது. மொழியியலில் இதற்கு இலக்கணமயமாதல் என்று பெயர். ‘கோயிங் டு’ இதே வழியில் பிறகு வந்தது. ஓரிடத்துக்கு ஒரு வேலையாகப் போய்க்கொண்டிருப்பதைச் சொன்ன தொடர், 17ஆம் நூற்றாண்டுக்குள் நடையே இல்லாத இடத்திலும் எதிர்காலத்தைக் குறிக்கப் பயன்படத் தொடங்கிவிட்டது. மழை எங்கும் நடந்து போவதில்லை. ஆனாலும் ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’ என்று இன்று சொல்ல முடிகிறது.

பழைய பொருள் முழுவதுமாக மறைந்துவிடவில்லை. வானம் கறுத்து, காற்று குளிர்ந்து, முதல் துளி விழும் நேரத்தில் ஆங்கிலம் பேசுபவர் இயல்பாகச் சொல்வது ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’. கண்முன்னே தெரியும் ஆதாரம், தொடங்கிவிட்ட ஒரு போக்கு, முன்பே எடுத்த முடிவு ஆகியவை அந்தத் தொடருக்குப் பின்னால் இருக்கும். ‘இட் வில் ரெயின் டுமாரோ’ என்பதற்கு அந்த உடனடி ஆதாரம் தேவையில்லை. சொல்பவரின் கணிப்பே அதற்குப் போதும். அதனால்தான் வானிலை அறிக்கைகளில் ‘வில்’ அதிகம் காணப்படுகிறது. சன்னல் வழியே பார்த்துச் சொல்லும் பேச்சில் ‘கோயிங் டு’ அதிகம் கேட்கிறது.

உறுதி மிகுந்துவிட்டால் ஆங்கிலம் ‘வில்’லையும் விட்டுவிடுகிறது. நாளைக் காலை ஆறு மணிக்குப் புறப்படும் ரயிலைப் பற்றி ‘தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்வார்கள். ஏனென்றால் அந்தப் புறப்பாடு கால அட்டவணையில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. நாளைய சூரிய உதயத்துக்கும் இதே வடிவம் பொருந்தும். மழைக்கு இது பொருந்தாது. ‘இட் ரெயின்ஸ் டுமாரோ’ என்று எந்த வானிலையாளரும் எழுதுவதில்லை; மழைக்கு அட்டவணை கிடையாது. ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பக்கத்திலுள்ள பெங்களூரு கண்டோன்மென்ட் நிலையம் போன்ற எந்த ரயில் நிலையத்திலும் இந்த வேறுபாட்டைக் காது கொடுத்துக் கேட்கலாம். அட்டவணையில் இருப்பது நிகழ்காலம். வண்டி நெருங்கும்போது ஒலிபெருக்கியில் ‘வில் அரைவ்’. வண்டி தாமதமாகி, வரும் நேரம் ஊகமாகும்போது ‘இஸ் எக்ஸ்பெக்டட் டு அரைவ்’. ஒரே வண்டியின் வருகைக்கு மூன்று வடிவங்கள், மூன்று அளவிலான உறுதி.

‘ஷல்’லின் தனி வாழ்வு

1653இல் ஆக்ஸ்ஃபோர்டு கணிதப் பேராசிரியர் ஜான் வாலிஸ், லத்தீனில் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். முடிவிலிக்கு இன்று பயன்படும் குறியைக் கணிதத்துக்குத் தந்தவரும் இவர்தான். ‘ஐ ஷல்’ என்றால் முன்கணிப்பு, ‘ஐ வில்’ என்றால் வாக்குறுதி அல்லது மிரட்டல் என்று அவர் விதி வகுத்தார். முன்னிலையிலும் படர்க்கையிலும் இந்த விதி தலைகீழாகும்: ‘யூ வில்’, ‘ஹி வில்’ முன்கணிப்பு, ‘யூ ஷல்’, ‘ஹி ஷல்’ வாக்குறுதி அல்லது மிரட்டல். பள்ளி இலக்கணங்கள் இதை நீண்டகாலம் கற்பித்தன. பேச்சு வழக்கு இதை முழுதாகக் கைக்கொள்ளவே இல்லை. இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சாதாரணப் பேச்சில் ‘ஷல்’ அரிதாகிவிட்டது.

இந்தியாவில் அதன் ஆயுள் நீண்டது. காரணம் சட்டம். இந்திய அரசியலமைப்பின் ஆங்கில வடிவத்தில் முதல் கூறே ‘ஷல்’ கொண்டுதான் நாட்டை மாநிலங்களின் ஒன்றியமாக அறிவிக்கிறது. அது முன்கணிப்பும் அல்ல, கட்டளையும் அல்ல. சொல்வதன் மூலமே நிலைநாட்டும் பிரகடனம். சட்டங்களில் ‘ஷல்’ என்றால் பெரும்பாலும் கட்டாயம், ‘மே’ என்றால் விருப்புரிமை. சூழலைப் பார்த்து ‘மே’யையும் கட்டாயமாக நீதிமன்றங்கள் பொருள்கொண்ட வழக்குகள் உண்டு. ஆகவே அரசு அறிவிப்பில் வரும் ‘மே’யும் வானிலை அறிக்கையில் வரும் ‘மே’யும் ஒரே சொல்லாக இருந்தாலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. முதலாவது உரிமையைப் பற்றியது, இரண்டாவது சாத்தியத்தைப் பற்றியது.

இந்திய ஆங்கிலத்தில் ஆய்வாளர்கள் குறித்துள்ள இன்னொரு பழக்கம், ‘வில்’ வர வேண்டிய இடத்தில் ‘வுட்’ வருவது. ஒரு விழாவை முதல்வர் நாளை தொடங்கிவைப்பார் என்பதைச் செய்தித்தாள் ‘வுட் இனாகுரேட்’ என்று எழுதும். இந்திய வாசகருக்கு அது உறுதியான செய்தி. பிரிட்டிஷ் வாசகர் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருப்பதாக நினைக்கக்கூடும்: ஏதோ ஒன்று நடந்தால்தான் தொடங்கிவைப்பாரோ என்று. உறுதியின் அளவு மொழியின் பெயரை மட்டும் பொறுத்ததல்ல, அந்த மொழி எந்த ஊரில் வழங்குகிறது என்பதையும் பொறுத்தது.

உறுதியின் படிகள்

துணைவினைகளோடு வினையடைகளும் பெயரடைகளும் சேரும்போது உறுதி ஒரு படிக்கட்டாக அமைகிறது. உச்சியில் ‘சர்ட்டன்லி’, ‘டெஃபினிட்லி’. அடுத்து ‘ஆல்மோஸ்ட் சர்ட்டன்’. பிறகு ‘வெரி லைக்லி’, ‘ப்ராபப்லி’, ‘லைக்லி’. நடுவில் ‘மே’, ‘பெர்ஹாப்ஸ்’, ‘பாசிப்லி’. கீழே ‘மைட்’, ‘அன்லைக்லி’, ‘ஹைலி அன்லைக்லி’. எந்தப் படி மேலே, எந்தப் படி கீழே என்பதில் ஆங்கிலம் பேசுபவர்களிடையே பெரும்பாலும் கருத்து வேறுபாடு இருக்காது. ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம் என்பதில்தான் ஒருவருக்கொருவர் பெருமளவு வேறுபடுகிறார்கள்.

ஆங்கிலத்தையும் அதன் நெருங்கிய உறவான டச்சையும் ஒப்பிட்ட கோல் ராபர்ட்சனும் ஷான் ராபர்ட்ஸும், டச்சு பேசுபவர்கள் எதிர்காலத்தை நிகழ்கால வடிவிலேயே சொல்லிவிட்டுப் போகும் பல இடங்களில் ஆங்கிலம் பேசுபவர்கள் ‘மே’, ‘மைட்’, ‘குட்’ போன்ற உறுதி குறைந்த சொற்களை நாடுவதைக் கண்டனர். எதிர்காலத்தைக் குறிக்க ஏதேனும் ஒரு சொல் கட்டாயம் வேண்டும் என்று மொழி கேட்கும்போது, அந்த இடத்தில் ஐயத்தைக் காட்டும் சொல்லும் எளிதாக வந்து அமர்ந்துவிடுகிறது. இதிலிருந்து ஒரு மொழி பேசுபவர்களின் குணத்தை முடிவு கட்டிவிட முடியாது. எதிர்காலத்தைத் தனியாகக் குறிக்கும் மொழிகளைப் பேசுபவர்கள் குறைவாகச் சேமிக்கிறார்கள் என்று பொருளியலாளர் கீத் சென் 2013இல் வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. மொழிகளுக்கு இடையிலான குடும்ப உறவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, சென்னும் பங்கேற்று 2015இல் வெளியான மறுஆய்வில் அந்தத் தொடர்பு வலுவிழந்தது. மொழி உறுதியை எப்படிச் சொல்லவைக்கிறது என்பதே திடமாகத் தெரியும் செய்தி; நடத்தையை எப்படி மாற்றுகிறது என்பது அந்த அளவுக்கு நிலைநாட்டப்படவில்லை.

ஒரு மழை அறிக்கையை வாசித்தல்

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அரண்மனைச் சாலையில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பெங்களூரு மையம் இருக்கிறது. அத்துறையின் அறிக்கைகளில் படிக்கட்டின் ஒவ்வொரு படிக்கும் அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. ‘அன்லைக்லி’ என்றால் நிகழ்தகவு 25 சதவீதத்துக்குக் கீழே. ‘லைக்லி’ என்றால் 25 முதல் 50 வரை. ‘வெரி லைக்லி’ என்றால் 50 முதல் 75 வரை. ‘மோஸ்ட் லைக்லி’ என்றால் 75க்கு மேல்.

இந்த அட்டவணை தெரியாமல் ‘ரெயின் லைக்லி’ என்று வாசிப்பவர், மழை வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்று புரிந்துகொள்வார். ஆங்கில அகராதியும் அதையே சொல்லும். துறையின் அளவுகோலின்படியோ அந்தச் சொல் தரப்படும் நாட்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் மழை வராமல் போனாலும் அறிக்கை பிழையானதல்ல. ‘மழை வரும் என்றார்கள், வரவில்லை’ என்ற புகாரில் ஒரு பகுதி வானிலை அறிவியலின் குறையே அல்ல. ஒரு சொல்லுக்கு இரண்டு தரப்பும் வெவ்வேறு எண்ணை மனத்தில் வைத்திருப்பதன் விளைவு.

அறிக்கையில் இன்னும் இரண்டு வகைச் சொற்கள் உண்டு. முதல் வகை பரவலைச் சொல்வது. ஒரு வட்டாரத்தின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாவது ‘ஐசலேட்டட்’. 26 முதல் 50 சதவீத நிலையங்கள் ‘ஸ்கேட்டர்ட்’. 51 முதல் 75 வரை ‘ஃபேர்லி வைட்ஸ்ப்ரெட்’. 75க்கு மேல் ‘வைட்ஸ்ப்ரெட்’. சென்னை மையத்தின் தமிழ் அறிக்கைகளில் வரும் ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒருசில இடங்களில்’ என்பனவும் இப்படி அளந்து சொல்லப்படுபவையே. இரண்டாம் வகை அளவைச் சொல்வது. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் ‘ஹெவி’, அதாவது கனமழை. 115.6 முதல் 204.4 வரை ‘வெரி ஹெவி’, மிக கனமழை. அதற்கும் மேல் ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’, அதி கனமழை. 2024 ஜூன் 2 அன்று பெங்களூரு நகரில் 111.1 மில்லிமீட்டர் பதிவானது. 1891 ஜூன் 16இல் பதிவான 101.6 மில்லிமீட்டரைத் தாண்டி, ஜூன் மாதத்தின் ஒருநாள் மழையில் 133 ஆண்டுகளில் இல்லாத உச்சம் அது. அந்த உச்சமும் அட்டவணைப்படி ‘ஹெவி’ என்ற முதல் வகைக்குள்தான் அடங்குகிறது.

ஆக, ‘ஐசலேட்டட் ஹெவி ரெயின்ஃபால் வெரி லைக்லி’ என்ற ஐந்து சொற்களுக்குள் மூன்று எண்கள் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் எங்கேனும் ஓரிரு நிலையங்களில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை பதிவாக 50 முதல் 75 சதவீதம் வாய்ப்பு உண்டு என்பதே விரிவான பொருள். ரிச்சர்ட்ஸ் டவுனிலுள்ள ரிச்சர்ட்ஸ் பூங்காவின் மேல் அந்த மழை விழ 50 முதல் 75 சதவீதம் வாய்ப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூருவில் பெய்யும் இடிமழை சில கிலோமீட்டர் அகலமுள்ள மேகங்களிலிருந்து வருவது. ஒரு பேட்டையில் சாக்கடை நிரம்பி வழியும்போது அடுத்த பேட்டையில் தரை காய்ந்திருக்கலாம். வட்டாரத்துக்குச் சரியான முன்கணிப்பு, ஒரு தெருவுக்குப் பொய்யானதுபோலத் தோன்றுவது இதனால்தான். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிற எச்சரிக்கைகளும் மில்லிமீட்டரை மட்டும் குறிப்பவை அல்ல. பாதிப்பு எவ்வளவு கடுமையாக இருக்கக்கூடும், அது நிகழ எவ்வளவு வாய்ப்பு உண்டு என்ற இரண்டையும் சேர்த்து எடைபோட்டு, மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவை: மஞ்சள் கவனித்திருக்க, ஆரஞ்சு தயாராக இருக்க, சிவப்பு உடனே செயல்பட.

ஒரே சொல், வெவ்வேறு எண்

சொற்களுக்கு எண் தர வேண்டும் என்ற எண்ணம் உளவுத்துறையில் கூர்மை பெற்றது. 1951 மார்ச்சில் அமெரிக்க உளவு மதிப்பீடு ஒன்று, யூகோஸ்லாவியா மீது அந்த ஆண்டில் தாக்குதல் நடப்பதை ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ என்று விவரித்தது. அதைத் தயாரித்த குழுவில் முக்கியப் பொறுப்பில் இருந்த ஷெர்மன் கென்ட், 65 சதவீதம் அளவில் நினைத்து அந்தத் தொடரை ஏற்றிருந்தார். பிறகு உடன் பணியாற்றியவர்களைக் கேட்டபோது ஒருவர் 20 சதவீதம் என்றும் இன்னொருவர் 80 சதவீதம் என்றும் நினைத்துக் கையொப்பமிட்டது தெரிந்தது. எல்லோரும் ஒரே சொல்லை ஒப்புக்கொண்டிருந்தார்கள், ஒரே கருத்தை அல்ல. 1964இல் கென்ட் எழுதிய கட்டுரை, ‘ஆல்மோஸ்ட் சர்ட்டன்’ என்றால் சுமார் 93 சதவீதம், ‘ப்ராபபிள்’ என்றால் சுமார் 75, ‘ப்ராபப்லி நாட்’ என்றால் சுமார் 30 என்று அளவு குறித்தது.

பருவநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுகளுக்கு இடையிலான குழு தன் அறிக்கைகளுக்கு வேறொரு அட்டவணையைக் கையாள்கிறது. அதில் ‘லைக்லி’ என்றால் 66 முதல் 100 சதவீதம். ‘வெரி லைக்லி’ என்றால் 90க்கு மேல். ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ என்றால் 95க்கு மேல். ‘வெர்ச்சுவலி சர்ட்டன்’ என்றால் 99க்கு மேல். எதிர்ப்புறத்தில் ‘அன்லைக்லி’ என்றால் 33 வரை, ‘வெரி அன்லைக்லி’ என்றால் 10 வரை.

இந்த இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒருவர் காலைச் செய்தித்தாளில் நாளைய மழை ‘லைக்லி’ என்று வாசிக்கிறார். அதே தாளின் இன்னொரு பக்கத்தில் இந்த நூற்றாண்டில் பெருமழைகள் அதிகரிப்பது ‘வெரி லைக்லி’ என்று வாசிக்கிறார். முதல் சொல் பாதியைத் தொடாத நிகழ்தகவு. இரண்டாவது பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டது. இந்திய வானிலைத் துறையின் ‘வெரி லைக்லி’யின் உச்ச வரம்பான 75, பன்னாட்டுக் குழுவின் ‘வெரி லைக்லி’யின் அடி வரம்பான 90ஐக்கூட எட்டவில்லை. இரண்டு அமைப்புகளும் தத்தம் அளவுகோலை வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றன. சொல் பயணம் செய்யும்போது அளவுகோல் கூட வருவதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

கேட்பவரின் மனம்

அளவுகோலைத் தந்துவிட்டாலும் சிக்கல் முழுவதும் தீர்வதில்லை. டேவிட் புடெஸ்குவும் அவருடன் பணியாற்றியவர்களும் பன்னாட்டுக் குழுவின் வாக்கியங்களைப் பொதுமக்களுக்குக் கொடுத்துச் சோதித்தனர். 2014இல் வெளியான ஆய்வு 24 நாடுகளில் 17 மொழிகளில் நடந்தது. ‘வெரி லைக்லி’ என்பதை மக்கள் 90க்கு வெகு கீழே புரிந்துகொண்டனர். ‘வெரி அன்லைக்லி’ என்பதை 10க்கு மேலே புரிந்துகொண்டனர். இரு முனைகளும் நடுவை நோக்கி இழுக்கப்பட்டன. சொல்லின் பக்கத்திலேயே எண் வரம்பையும் அச்சிட்டபோது புரிதல் மேம்பட்டது. அட்டவணையை அறிக்கையின் வேறொரு பக்கத்தில் வைப்பதைவிட, ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்லையும் எண்ணையும் சேர்த்துத் தருவது பயனளிக்கிறது என்பதே இந்த ஆய்வுகளின் நடைமுறைப் பாடம்.

கேட்பவர் ஏற்கெனவே அறிந்திருப்பதும் சொல்லின் பொருளை மாற்றுகிறது. தாமஸ் வால்ஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் காட்டியபடி, வழக்கமாக அடிக்கடி நிகழும் ஒன்றுக்கு ‘லைக்லி’ என்று சொன்னால் கேட்பவர் பெரிய எண்ணை நினைக்கிறார். அரிதான ஒன்றுக்கு அதே சொல்லைச் சொன்னால் சிறிய எண்ணை நினைக்கிறார். பெங்களூருவில் செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்த மாதங்கள். ஜனவரியும் பிப்ரவரியும் வறண்டவை. செப்டம்பரில் ‘மழை லைக்லி’ என்றதும் குடை எடுக்கும் கை, பிப்ரவரியில் அதே சொல்லைக் கேட்டுத் தயங்குவது இயல்பு.

சொல்லுக்குத் திசையும் உண்டு. நார்வே உளவியலாளர் கார்ல் ஹால்வர் டைகனின் ஆய்வுகள் இதை விரிவாகக் காட்டின. ‘சம் பாசிபிலிட்டி’ என்பதும் ‘க்வைட் அன்சர்ட்டன்’ என்பதும் கிட்டத்தட்ட ஒரே நிகழ்தகவைக் குறிக்கலாம். முதல் தொடர் நிகழ்வு நடப்பதற்கான காரணங்களை நோக்கி மனத்தைத் திருப்புகிறது. இரண்டாவது நடக்காமல் போவதற்கான காரணங்களை நோக்கி. அறுவை சிகிச்சை பலன் தர ‘வாய்ப்பு உண்டு’ என்று மருத்துவர் சொல்வதற்கும் ‘சந்தேகம்தான்’ என்று சொல்வதற்கும் எண்ணில் வேறுபாடு இல்லாமல் இருக்கலாம். நோயாளியின் முடிவு வேறுபடும். எச்சரிக்கை எழுதுபவர்கள் திசையையும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை உணர்ந்தே எழுத வேண்டும்.

எண் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. அமெரிக்க வானிலைச் சேவை 1965 முதல் மழை வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்லி வருகிறது. கெர்ட் கிகெரென்சரும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் நியூயார்க், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், மிலான், ஏதென்ஸ் நகரங்களில் ‘நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு’ என்பதன் பொருளைக் கேட்டனர். நாளையைப் போன்ற நாட்களில் நூற்றுக்கு முப்பதில் மழை பெய்யும் என்பதே சரியான விடை. நியூயார்க்கில் பெரும்பாலோர் இதைத் தேர்ந்தனர். ஐரோப்பிய நகரங்களில் பலர், நாளின் 30 சதவீத நேரம் மழை என்றோ ஊரின் 30 சதவீதப் பரப்பில் மழை என்றோ எடுத்துக்கொண்டனர். எதன் சதவீதம் என்று சொல்லாத எண், சொல்லைப் போலவே மயக்கம் தரும்.

பருவமழையும் கணக்கும்

இந்தியாவில் முன்கணிப்பின் மொழி இந்த நிலைக்கு வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. வானிலைத் துறை 1875இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட், இமயமலையின் பனி அளவை அடிப்படையாகக் கொண்டு 1886 ஜூன் 4 அன்று பருவமழைக்கான முதல் முறையான நீண்டகால முன்கணிப்பை வெளியிட்டார். அவருக்குப்பின் வந்த ஜான் எலியட் மேலும் பல காரணிகளைச் சேர்த்தார். 1899இல் நல்ல மழை எதிர்பார்க்கப்பட்டது. வந்தது கடும் வறட்சியும் பஞ்சமும். அக்கால முன்கணிப்புகள் நீண்ட விளக்கவுரைகளாக இருந்தன. எவ்வளவு உறுதி என்பதை வாசிப்பவரே உரையின் தொனியிலிருந்து ஊகிக்க வேண்டியிருந்தது.

1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். தொலைதூர நாடுகளின் காற்றழுத்தம், வெப்பநிலை, மழை ஆகியவற்றுக்கும் இந்திய மழைக்கும் உள்ள ஒட்டுறவைக் கணக்கிட்டு, சமன்பாடுகளாக அமைத்தார். அந்தக் கணக்குகளின் வழியேதான் பசிபிக் பெருங்கடலின் இரு புறங்களிலும் காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கும் தென் அலைவு அடையாளம் காணப்பட்டது. எல் நினோவைப் புரிந்துகொள்ள இன்றும் அதுவே அடிப்படை. ஒட்டுறவு எண்ணோடு முன்கணிப்பின் மொழியும் மாறியது: எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு முதன்முறையாக ஒரு கணக்கு கிடைத்தது.

இன்றைய பருவமழை முன்கணிப்பு மூன்று வடிவங்களில் வருகிறது. முதலாவது சராசரியின் சதவீதமும் பிழை வரம்பும். 1971 முதல் 2020 வரையிலான நீண்டகாலச் சராசரி 87 செ.மீ.; ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை அதில் எத்தனை சதவீதம் என்று ஏப்ரலில் சொல்லப்படுகிறது. இரண்டாவது வகைப்பெயர்: 90க்குக் கீழே ‘டெஃபிஷியன்ட்’, 96 முதல் 104 வரை ‘நார்மல்’, 110க்கு மேல் ‘எக்சஸ்’, இடையில் இன்னும் இரண்டு வகைகள். மூன்றாவது, ஒவ்வொரு வகைக்கும் உள்ள நிகழ்தகவு.

2023 ஏப்ரலில் 96 சதவீதம், கூடக்குறைய 5 என்று சொல்லப்பட்டது. பெய்தது சுமார் 94. வகைப்பெயரை மட்டும் பார்த்தவருக்கு ‘நார்மல்’ என்றது தவறிப்போனது. பிழை வரம்பைப் பார்த்தவருக்கு முன்கணிப்பு வரம்புக்குள்ளேயே இருந்தது. 2024இல் 106, கூடக்குறைய 5 என்றார்கள். சுமார் 108 பெய்தது. ஒரே அறிக்கை பிழையாகவும் சரியாகவும் தோன்றுவது, வாசகர் அதன் எந்தப் பகுதியை வாசிக்கிறார் என்பதைப் பொறுத்தது. நாடு முழுவதற்குமான சராசரி ஒரு மாநிலத்துக்கோ ஒரு மாவட்டத்துக்கோ பொருந்தாமல் போகலாம் என்பதும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியது.

முன்கணிப்பைச் சோதிப்பது எப்படி?

‘மழை 70 சதவீதம்’ என்ற ஒரு முன்கணிப்பை ஒரு நாளைக் கொண்டு சரி என்றோ தவறு என்றோ தீர்ப்பளிக்க முடியாது. அப்படிச் சொன்ன நூறு நாட்களை எடுத்து, ஏறக்குறைய எழுபதில் மழை பெய்ததா என்று பார்க்க வேண்டும். 1906இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் அரசு வானியலாளர் எர்னஸ்ட் குக், தம் முன்கணிப்பு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை உறுதி மதிப்பெண் இட்டு, பிறகு அவை எவ்வளவு பலித்தன என்று எண்ணிப் பார்த்தார். 1950இல் அமெரிக்க வானிலையாளர் கிளென் பிரையர் இதற்கு எளிய சூத்திரம் தந்தார். மழை பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0. முன்கணிப்புக்கும் விளைவுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்த வேண்டும். 0.7 என்று சொல்லி மழை பெய்தால் அபராதம் 0.09, பெய்யாவிட்டால் 0.49. பல நாட்களின் சராசரி குறையக் குறைய முன்கணிப்பாளர் மேம்பட்டவர். தான் நம்புவதைவிட உறுதியாகச் சொல்பவருக்கும், நம்புவதைவிடத் தயங்கிச் சொல்பவருக்கும் நீண்டகாலத்தில் அபராதம் கூடிவிடும். மனத்தில் உள்ள எண்ணை அப்படியே சொல்வதே இதில் சிறந்த வழி.

இந்தச் சோதனைக்குச் சொற்கள் உட்படுவதில்லை. ‘மழை மைட்’ என்று சொன்னவர் மழை பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி, ஒருபோதும் தவறமாட்டார். தவற முடியாத முன்கணிப்பிலிருந்து கற்றுக்கொள்ளவும் எதுவும் இல்லை. ஆகவே எண்ணை ஏற்கும் துறைகளில்தான் முன்கணிப்பு ஆண்டுக்கு ஆண்டு முன்னேறுகிறது.

ஆங்கிலத்தில் வரும் முன்கணிப்பு எதுவானாலும் அதை முழுமையாக வாசிக்க ஐந்து செய்திகள் தேவை: என்ன நிகழ்வு, எந்தப் பரப்பில், எந்தக் காலத்துக்குள், எத்தனை சதவீத வாய்ப்பு, அந்தச் சொல்லுக்கு அந்த அளவைத் தந்தது எந்த அமைப்பு. துணைவினை இவற்றில் எதையும் முழுதாகச் சொல்வதில்லை. பேசுபவரின் மனநிலையை மட்டும் காட்டுகிறது. பந்தல் போடுபவர், கான்கிரீட் தளம் ஊற்றுபவர், தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர் ஆகிய எல்லோருக்கும் 40 சதவீத மழை வேறுவேறு முடிவைத் தரும்; ஒவ்வொருவருக்கும் இழப்பின் அளவு வேறு. முடிவெடுப்பது அவரவர் உரிமை. அதற்குத் தேவையான எண்ணைச் சொல்லுக்குப் பின்னால் மறைக்காமல் சொல்லோடு சேர்த்து, அவர்கள் வாசிக்கும் மொழியிலேயே தருவது முன்கணிப்பவரின் கடமை.